செவ்வாய்த் தலைநகரின் அடிக்கல்

பூமியிலிருந்து கப்பல் வந்ததும் தவமணி காற்று வடிகட்டியைத் தேடி ஓடினாள். செவ்வாய்ப் புழுதியில் அவள் புருஷனுக்கு நெஞ்சடைத்துக் கிடந்தது. குடியேறிய எல்லோருக்குமே இருமல்தான்.

பெட்டிக்குள் கருங்கல் இருந்தது. தலைநகருக்கு அடிக்கல்லாம்! அமைச்சரில் தொடங்கி அவர் மச்சான் வரைக்கும் எல்லார் பெயரையும் பொன்னெழுத்தில் ஆழமாகச் செதுக்கியிருந்தார்கள்.

"வடிகட்டி எங்க சார்?"

"கல்லு கனம் ஜாஸ்திம்மா. வடிகட்டியை இறக்கிட்டுத்தான் இதை ஏத்தினோம்" என்றார் விழா அதிகாரி, வெட்கமே இல்லாமல்.

"நாங்க குடியேறி வருஷம் ஆறாச்சு. இப்பத்தான் அடிக்கல்லா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அமைச்சர் ஐயா திரையில வருவாரு. கைதட்டுங்க, இருமித் தொலைக்காதீங்க."

கல்லை நட்டுக் கைதட்டினார்கள். அதிகாரி அதே கப்பலில் திரும்பிப் போனார். மறுவாரம் தவமணியின் புருஷன் செத்துப்போனான்.

"அந்தக் கல்லை அண்ணன் தலைமாட்டுல நட்டுரலாமா?" என்று கேட்டான் பக்கத்துக் கூடாரத்து மாசானம்.

"தூ! அவரு தலைமாட்டுல அந்தப் பேருங்களா?"

அடிக்கல்லைப் பெயர்த்து, பொதுக்கழிப்பறை வாசலில் படியாகப் போடச் சொன்னாள்.

"எழுத்து அடியில போகட்டுமாக்கா?"

"மேலயே இருக்கட்டும். ஈரக்கால் வழுக்காது."