முந்திப் பதிந்த துக்கம்

சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில், மற்றவர்களிடமிருந்து தன்னை வேறாக்கிய அனுபவம் எதுவென்று தமயந்தி எழுத வேண்டும். ஓர் அனுபவத்தை ஒருவர்தான் எழுதலாம் என்பது விதி. அம்மாவின் மரணத்தைப் பற்றி முதல் வரியை எழுதியதுமே திரை சிவந்தது: "இது உங்கள் அண்ணன் பெயரில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது."

அவனும் இந்த ஆண்டுதான் விண்ணப்பிக்கிறான். சென்னையில் இருக்கும் அவனுக்குப் போன் செய்தாள்.

"கடைசி வரைக்கும் அம்மாகூட இருந்தது நான்தானேண்ணே?"

"நான் முந்திட்டேன், விடு. அப்பாவ நீ வச்சுக்கோ."

"அப்பா நல்லாத்தானே இருக்காரு?"

"கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்குல்ல?"

அவள் போனை வைத்தாள். அடுக்களையில் அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அவளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனாம்மா? என்ன சொல்றான்?"

"உங்களத்தான் விசாரிச்சான்ப்பா."