சாக்கில் போன கிட்டார்

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கிட்டாரைக் காணோம்.

டயகமவில் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்த டக்ளஸ் வீடு முழுக்கத் தேடினான். இசைக்குழுவில் அவன் வாசித்த எலக்ட்ரிக் கிட்டார். போன வருஷம் தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் இடது கை விரல் இரண்டு போனபிறகு வாசிப்பதில்லை. ஆனாலும் தினமும் துடைத்து மாட்டுவான்.

"ஷிராணி அக்காதான் நேத்து சாக்குல சுத்தி ஹட்டன் பஸ்ல கொண்டு போனாங்க," என்றாள் பக்கத்து வீட்டு நிஷாந்தி.

"சும்மா தானே தொங்குது, இனி அது எதுக்குங்க?" என்று போன வாரம் விரல் நுனிகளில் துணி சுற்றிக்கொண்டே மனைவி ஷிராணி கேட்டது ஞாபகம் வந்தது. வித்துட்டாளா பாவி!

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்குப் போன் போட்டான்.

"என் விரலத்தான் மிசின் தின்னுச்சு. மிச்சத்த நீ தின்னுட்டியாடி?"

"கோவப்படாதீங்க. மிலான் கடையில இருக்கு..."

அதற்கு மேல் கேட்கப் பொறுமையில்லை. போனை வைத்துவிட்டான்.

மிலானா! குழுவில் இவன் இடத்தில் இப்போது வாசிக்கிறவனே அவன்தான். போயும் போயும் அவனிடமா?

மிலானின் ஹட்டன் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தவன் உறைந்து நின்றான். கிட்டாரின் கழுத்து தனியாகக் கழன்று மேசையில் கிடந்தது. குறுக்கே பதித்திருந்த பிரெட் என்னும் உலோகப் பட்டைகளை மிலான் ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்கிக்கொண்டிருந்தான். தன் விரலையே மறுபடி பிடுங்குவதுபோல் இருந்தது டக்ளஸுக்கு.

"டேய்! என் எடத்த எடுத்தது பத்தாதா? இதுவுமா வேணும்?"

மிலான் பதறி எழுந்தான்.

"ஐயோ அண்ணே, அக்கா சொல்லலையா? இது ஒங்களுக்குத்தான். கம்பியெல்லாம் தலைகீழா மாத்திக் கட்டப் போறேன். பழைய பிரெட் பள்ளம் விழுந்து கெடக்கு, அதோட கட்டினா கரகரங்கும்."

"தலைகீழாவா? எதுக்கு?"

"வலது கையால கம்பிய அமுக்குங்க. மீட்டுறதுக்கு இடது கையில பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போதுமே. குழுவுல ஒங்க எடம் அப்படியே இருக்கு அண்ணே."

டக்ளஸ் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"இந்த வயசுல கை மாத்திப் பழகவா? என்னால ஏலாதுடா."

"இதத்தான் சொல்வீங்கன்னு அக்கா அப்பவே சொன்னாங்க. அதான் மூணு மாசமா ஞாயித்துக்கெழம சந்தைக்கு வர்ற நேரத்துல, என் பழைய கிட்டார்ல அவங்களே தலைகீழாப் பழகுறாங்க. 'ஒண்ணுமே தெரியாத எனக்கே வந்திருச்சு, ஒங்களுக்கு வராதா?'ன்னு கேக்கப் போறாங்களாம்."

இரண்டு கையாலும் கொழுந்து பறிக்கிறவளுக்கு வலது கை விரல்களில் மட்டும் ஏன் துணி என்று டக்ளஸ் ஒரு நாளும் கேட்டதில்லை.