தாளி அரைத்தவர்

வலியசாலை வீட்டின் உள்ளறையில் பிச்சுமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. செம்பருத்தி இலையும் ஊறவைத்த வெந்தயமும் அரைத்து, தலைக்குத் தேய்க்கிற தாளியைக் காலையிலிருந்து டப்பா டப்பாவாக நிரப்பியவர் அவர்தான். கூடத்தில் கூடியிருந்த பெண்களுக்கு அதை விற்பவள் மனைவி சீதாலக்ஷ்மி.

“மாமி, எனக்கு முடி கொட்டறது நின்னே போச்சு! இதை அரைக்கறது யாரு?”

“எங்காத்து மாமாதான்,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் சீதாலக்ஷ்மி.

“அப்போ அவரைப் பார்த்தே ஆகணும், கேட்டோ!”

பிச்சுமணி துள்ளி எழுந்து கதவைத் தள்ளினார். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“அவர் ஊர்ல இல்லையே!”

எல்லாரும் போனபிறகுதான் கதவு திறந்தது.

“ஏண்டி, நான் முகத்தைக் காட்டினா என்ன கெட்டுப்போச்சு?”

“முகத்தைத் தாராளமாக் காட்டுங்கோ. அதுக்கு மேலே இருக்கற வழுக்கையை எங்கே கொண்டுபோய் ஒளிக்கறது?”