மூன்றாவது முறைப்பாடு

"இங்கிலீசிலை நல்ல சூடா எழுதவேணும் தங்கச்சி. வாசிக்கிறவன் கதிரையை விட்டு எழும்பவேணும்," என்று சொல்லிக் குணசேகரம் ஒரு கட்டுப் புகைப்படங்களை மேசையில் போட்டார்.

ஹனோவரில் இருக்கும் ஈழத் தமிழர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் கலாதேவியிடம்தான் வருவார்கள். கிழமை நாட்களில் அவருக்கு ஒரு வக்கீலின் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் குசினி மேசையில் ஊராருடைய அன்ட்ராக், விண்ணப்பம், கடிதம். அவர்கள் தமிழில் கொட்டித் தீர்ப்பதை மரியாதையான ஜெர்மனாக்கிக் கொடுப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக்கூட ஆட்களுக்குப் பொறுமை இருக்காது. கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்றைக்குக் குணசேகரத்துக்கு இருந்த கோபம் ராஜஸ்தானிலிருந்து அவரோடு கூடவே விமானம் ஏறி வந்தது.

2006 உலகக் கிண்ணக் கால்பந்து முடிந்த கையோடு மனைவி ரஞ்சினியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பாலைவனத்துக்கு நடுவே ஒரு பழைய பட்டினம். அங்கே எப்போதோ ஒரு பெரிய வியாபாரி கட்டிய மாளிகை. ஐந்து மாடியும் மஞ்சள் கல். தூண், யன்னல், மாடத்தின் அடிப்பக்கம் என்று ஒரு சாண் இடம் விடாமல் செதுக்கியிருந்தார்கள். அதைப் பார்க்கவென்றே மூன்று வருட லீவைச் சேர்த்து வைத்திருந்த மனிதர் அவர்.

போய் அண்ணாந்து பார்த்தால், இருப்பதிலேயே அழகான யன்னலில் ஒரு தகரப் பெட்டி.

"கூலர், தங்கச்சி. அறைக்குள்ளை குளிர் காத்து அடிக்கிற பெட்டி. கல்லிலை ஒரு மயில் செதுக்கியிருக்கு. அந்த மயிலின்ரை கழுத்திலை கம்பியைச் சுத்தி அந்தப் பெட்டியைக் கட்டி வைச்சிருக்கினம். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது."

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். இடப்பக்கம் நின்று எடுத்தாலும் பெட்டி. வலப்பக்கம் நின்று எடுத்தாலும் பெட்டி. ரஞ்சினி சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தில் அவளுடைய தலைக்கு மேலேயும் அதே பெட்டி.

அந்த மாடியில் ஒரு குடும்பம் குடியிருந்தது. மாளிகையைக் காவல் காத்த மனிதர் இறந்த பிறகும் மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். படம் எடுக்கிற பத்து நிமிடத்துக்காவது பெட்டியைக் கழற்றச் சொல்லி வழிகாட்டியை மேலே அனுப்பியிருக்கிறார் குணசேகரம். அந்தப் பெண் முடியாது என்றுவிட்டாள். உள்ளே பிள்ளை காய்ச்சலோடு படுத்திருக்கிறது, வேண்டுமென்றால் உங்கள் ஐயாவை ஒரு மத்தியானம் இந்த அறைக்குள் வந்து இருந்து பார்க்கச் சொல்லு என்றாளாம். கூட ஏறிப் போய்வந்த ரஞ்சினியும், அறை அடுப்படியாகக் கொதிக்கிறது என்று சொல்லித்தான் பார்த்தாள். அதை அவர் காதில் வாங்கவில்லை.

"எவ்வளவு திமிர் எண்டு பாருங்கோ. இருக்கிற வீட்டின்ரை பெறுமதி தெரியாத சனத்துக்கு ஏன் அந்த வீடு?"

வழிகாட்டி இன்னொன்றும் சொல்லியிருந்தான். மாளிகையைப் பராமரிப்பவர்கள் அந்தக் குடும்பத்தை அங்கிருந்து எழுப்பி வெளியேற்ற ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து எழுத்தில் மூன்று முறைப்பாடு வந்தால் போதுமாம். இரண்டு ஏற்கெனவே வந்துவிட்டது.

"மூண்டாவது என்ரை. எழுதுங்கோ."

கலாதேவியின் கை விசைப்பலகையில் நின்றது. "எழுப்பினால் அதுகள் பிள்ளையளோடை எங்கை போகும் அண்ணை?"

அது தன் வேலை இல்லை என்றார் குணசேகரம். கலை என்றால் உலகத்துக்கே சொந்தம், ஒரு வீட்டுக்காரருடைய வசதிக்காக அதை மறைக்க எவருக்கும் உரிமை கிடையாது, சட்டம் என்றால் சட்டம், ஜெர்மனியில் இப்படி நடக்குமா என்று அரை மணித்தியாலம் பொரிந்து தள்ளினார். கலாதேவி ஒரு சொல் விடாமல் தட்டி, அச்செடுத்து, முன்னால் வைத்தார். அவர் பேனையை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. அந்தப் பக்கத்தாலை இப்பிடி ஒரு பதில் வந்தால் என்ன சொல்லுவியள்?"

கலாதேவி எழுந்து போய் அலுமாரியிலிருந்து கடிதக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். அதில் ஒரு தாளைப் பிரித்து, தமிழாக்கி மெதுவாக வாசித்தார்.

"'இது பழைய கட்டடம், இந்த முகப்பு பெறுமதியானது எண்டு எங்களுக்கும் தெரியும். ஆனால் றோட்டிலை நிண்டு பாக்கிறவை ரெண்டு நிமிசத்திலை போயிடுவினம். உள்ளுக்கை சீவிக்கிறது நாங்கள். இது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. இது இல்லாமல் இந்த வீட்டுக்கை எங்களாலை இருக்க ஏலாது. கல்லுக்குக் குடுக்கிற மரியாதையிலை கொஞ்சத்தை மனிசருக்கும் குடுங்கோ.'"

குணசேகரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஊரான் வீட்டைப் பாழாக்கிப்போட்டு நியாயம் வேறை கதைக்கினமோ? இப்பிடி எழுதுற ஆளை அண்டைக்கே பெட்டி படுக்கையோடை வெளியிலை விட்டிருக்கவேணும். உதுக்கெல்லாம் இரக்கம் பாக்கக் கூடாது, தங்கச்சி. ஆர் உது எழுதினது?"

கலாதேவி அந்தத் தாளை, கீழே இருந்த கையெழுத்துத் தெரியும்படி, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கள்தான் அண்ணை. தமிழ் டிவி பாக்கிற டிஷ்ஷை வாசலுக்கு மேலை இருக்கிற கல்லுச் சிங்கத்திலை கட்டினதுக்கு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரன் எழுதினானெல்லே, போன மாசியிலை அவனுக்கு நாங்கள் அனுப்பின பதில்."