சென்னை என்று காட்டிய மருமகன்

ஒருவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதை இணையம் தவறாமல் சொல்லிவிடும் என்று மனிதகுலம் நம்புகிறது. வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது: அது தவறு. அந்தத் தவறால் தக்கலையில் ஒரு கல்யாணம் முறியப் பார்த்தது.

"துபாயில வேலைன்னு சொல்லிட்டு சென்னையில கெடக்கான்!" தாணுலிங்கம் கத்தினார். மகளும் மருமகன் அனில்குமாரும் சேர்ந்து வைத்திருக்கும் மெயிலில், 'உங்கள் கணக்கு சென்னையிலிருந்து திறக்கப்பட்டது' என்று வந்திருந்தது. "அங்க எவளோ இருக்கா. இன்னைக்கே வக்கீலப் பாக்கேன்!"

மகள் ரேஷ்மி அப்பாவின் உதடுகளையே பார்த்தபடி நின்றாள்.

தாணுலிங்கத்தின் தங்கை மகன் அனீஷ் செல்போன் கம்பெனியில் என்ஜினீயர். சாட்சிக்கு அவனை வரவழைத்திருந்தார்.

"மாமா, அனிலண்ணன் நம்ம நாட்டு சிம்முதான் அங்கயும் போட்டிருக்கு. துபாய் டவரு அந்த டேட்டாவ அங்கயே வெளிய விடாது. இங்க உள்ள கம்பெனிக்க மெயின் சர்வருக்கு அனுப்பும். அது சென்னையில. அங்கேருந்துதான் இணையத்துக்குப் போவும். துபாயில எழுதின கடுதாசிய ஆளுகிட்ட குடுத்துவிட்டு நம்ம தபாலாபீசுல போட்டா, முத்திரை என்னன்னு விழும்?"

"தக்கலைன்னு."

"அதுதான் இது."

தாணுலிங்கம் விடுவதாயில்லை. "ஏலே, அந்த ஊரு சிம்மு வெல கொறவுல்லா? கள்ளத்தனம் இல்லேன்னா எதுக்குக் கூடுதல் துட்டு குடுத்து இந்த நஷ்டக் கச்சவடம்?"

"அந்த ஊரு சிம்முல வாட்ஸ்அப்ல முகம் பாத்துப் பேச முடியாது மாமா, தடை. நம்ம சிம்மு வழியா சுத்தி வந்தாத்தான் படம் தெரியும்."

"எல்லாவனும் சத்தம் கேட்டாப் போதும்னு பேசுகான். இவனுக்கு மட்டும் முகம் பாக்கணுமோ? பெரிய மன்மதன்!"

அனீஷ் மாமாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மேசைமேல் ரேஷ்மியின் போன் அதிர்ந்தது. திரையில் அனில்குமார், பின்னால் அரபு எழுத்தில் ஒரு கடைப்பலகை. அவன் வாயைத் திறக்கவில்லை. விரல்களை அசைத்தான். ரேஷ்மி சிரித்தபடி விரல்களாலேயே பதில் சொன்னாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

மகளிடம் எதையும் மனைவி அன்னக்கிளி வழியாகவே கேட்டுப் பழகியவர் தாணுலிங்கம். "ஏட்டி, என்ன சொல்லுகான்?"

அன்னக்கிளி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "மாமாக்க முட்டுவேதனை கொறஞ்சு நடக்க முடியுதான்னு கேக்கான்."

மறுநாள் காலையில் தாணுலிங்கம் மகளிடம் நேராகப் போய், தனக்குத் தெரிந்தபடி கையை அசைத்துச் சாயா கேட்டார்.

ரேஷ்மி துவர்த்துத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.