தாய்மாமன் மடி

அரசாங்கம் தேடும் மருதையன் எந்தப் பாதாளத்தில் ஒளிந்திருந்தாலும் தங்கை பிள்ளையின் காதுகுத்துக்கு வந்தே தீருவான் என்று உளவுத்துறை மேலிடம் கணக்குப் போட்டது. அவனைப் பிடிக்க ஏட்டு தணிகாசலம் வேட்டி கட்டி, சந்தனம் பூசி, கோயில் மண்டபத்தில் சொந்தக்காரர்போல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மருதையனின் படம். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமன் வரவில்லை. மாமன் மடியில் பிள்ளை உட்காராமல் ஊசியைத் தொட மாட்டேன் என்றார் ஆசாரி. தங்கை செண்பகம் விறுவிறுவென்று தணிகாசலத்திடம் வந்தாள்.

"எங்கண்ணன வரவிடாமப் பண்ணது நீங்கதான? ஒட்ட வெட்டின அந்தக் கிராப்பப் பாத்தா தெரியாதாக்கும்! எந்திரிங்க. நீங்களே மாமனா வந்து உக்காருங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலையும் மடியில் பிள்ளையும் விழுந்தன. பிள்ளை துள்ளியது. ஒரு கையால் அதன் கைகளையும் மறு கையால் கால்களையும் அமுக்கிப் பிடித்தார். தலையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று ஆசாரி கூப்பிட, சமையல்கட்டிலிருந்து முண்டாசும் கரியுமாக ஒருவன் ஓடிவந்து குனிந்தான். தணிகாசலத்தின் மூக்கருகே வெட்டுப்பட்ட புருவம் ஒன்று வியர்த்தது.

"விட்றாதீங்கண்ணே," என்றான் அவன். "காது கிழிஞ்சிரும்."

தணிகாசலம் விடவில்லை. ஆசாரி ஊசியை நிமிர்த்தினார். பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"மெதுவாக் குத்துய்யா!" என்று இரண்டு மாமன்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.