பெண்கள் பக்கத்துக் காவல்

ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில் காவலர் முத்துச்செல்வி சாரலில் நனைந்தபடி நிற்கிறாள். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வந்துவிட்டால் குமட்டலும் வயிற்று உப்புசமும் அவளோடு டியூட்டிக்கு வந்துவிடும். டாக்டர் அதற்குச் சொன்ன பெயர் அருவியைவிட நீளம். சட்டைப்பையில் காய்ந்த ரஸ்க், கன்னத்துக்குள் இஞ்சித் துண்டு. கூட்டத்தின் முன்னால் கக்கிவிடக் கூடாது என்பதுதான் இன்றைக்கு அவளுடைய பந்தோபஸ்து. எதிரே பிரமுகர் ஒருவர் சந்தன மாலையோடு, பதினோரு பேர் புடைசூழ, பெண்கள் பக்கத்து அருவியைப் பின்னால் வைத்துப் படமெடுக்க வருகிறார். அவருக்கு முன்னதாக அவர் பூசிய அத்தர் வந்து சேருகிறது. மரியாதை செய்வதைப்போல முத்துச்செல்வியின் வயிறு எழுந்து நிற்கிறது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு நிமிஷம் பொறுக்கும்படி மறுகையை நீட்டுகிறாள். பிரமுகர் சட்டென நிற்கிறார். பின்னால் வந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள். “சரிங்க மேடம், நாங்க ஆம்பள பக்கமே போயிருதோம்” என்கிறார், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையனின் குரலில். கூட்டம் திரும்பிப் போகிறது. குமட்டலும் மெல்ல இறங்குகிறது. ஏட்டு வடிவம்மாள் ஓடிவருகிறாள். “ஏட்டி, நான் சொன்னா இங்கன ஒரு குரங்குகூட நிக்காது. அந்த ஆள்ட்ட அப்படி என்னத்தட்டி சொன்ன?” “ஒண்ணும் சொல்லலக்கா. வாயத் தொறந்திருந்தா அவரு இந்நேரம் வேட்டியத் துவைச்சிட்டு இருப்பாரு.”